பொன்முதுகு மரங்கொத்தி: கடலூர், புதுச்சேரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கெடிலம் ஆற்றங்கரையில் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பறவை பார்க்கப் போவது பல வருடப் பழக்கம். பிள்ளைகள், அவர்களின் அம்மா அப்பா, தோப்பு வைத்திருக்கும் பெரியவர்கள், பாண்டிச்சேரியிலிருந்து படம் எடுத்து அனுப்பும் நண்பர்கள் என்று எல்லாரும் அதிகமாகக் கேட்பது ஒரே ஒரு பறவையைப் பற்றித்தான். அவர்கள் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

தென்னை மரத்தில் தங்க நிற முதுகோடு ஒரு பறவை ஏறுகிறது. அது என்ன பறவை?

பொன்முதுகு மரங்கொத்தி. பழைய ஆட்கள் தச்சன் குருவி என்பார்கள். அந்தப் பெயர்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். அலகு முனையிலிருந்து வால் நுனி வரை 26 முதல் 29 செ.மீ. இருக்கும், மைனாவைவிடக் கொஞ்சம் பெரிது. முதுகும் இறக்கையும் பொன் மஞ்சள். இடுப்பும் வாலும் கறுப்பு. தொண்டையில் கறுப்பின்மேல் எள் தெளித்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள். மார்பில் வெள்ளையும் கறுப்பும் செதில் செதிலாக இருக்கும். ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-லேயே இதை விவரித்துப் பெயர் வைத்துவிட்டார். அறிவியல் பெயர் டைனோபியம் பெங்காலென்ஸ். பெயரில் வங்காளம் இருந்தாலும் இமயமலைக்குத் தெற்கே ஏறக்குறைய நாடு முழுவதும் இருக்கிறது.

மலைக்காடுகளில் இதே மாதிரி பொன் முதுகோடு வேறு மரங்கொத்திகள் உண்டு. அவற்றின் இடுப்பு சிவப்பாக இருக்கும். பறந்து போகும்போது இடுப்பு கறுப்பாகத் தெரிந்தால் நம் ஊர்ப் பறவை என்று எழுதிக்கொள்ளலாம்.

தலையில் விசிறிபோல் கொண்டையை விரித்துக்கொண்டு புல்தரையில் கொத்துகிறதே, அதுதானே மரங்கொத்தி?

இல்லை, அது கொண்டலாத்தி. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அதைத்தான் மரங்கொத்தி என்கிறார்கள். நீண்டு வளைந்த மெல்லிய அலகால் மண்ணைத் துருவிப் புழு எடுக்கும் பறவை அது. அதன் அலகு மரத்தைக் கொத்தத் தாங்காது. மரங்கொத்தியின் அலகு உளிபோல் நேராக இருக்கும். மரத்தில் செங்குத்தாக ஒட்டிக்கொண்டு மேலே ஏறும்.

ஆண், பெண் அடையாளம் என்ன?

தலையைப் பாருங்கள். ஆணுக்கு நெற்றியிலிருந்து கொண்டை வரை முழுக்கச் சிவப்பு. பெண்ணுக்கு முன்தலை கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். பின்கொண்டை மட்டும் சிவப்பு. இளம் பறவை பெண்ணைப் போலவே மங்கலாக இருக்கும்.

இப்படி முட்டி முட்டிக் கொத்துகிறதே, தலை வலிக்காதா?

பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். மண்டை ஓட்டில் பஞ்சு போன்ற எலும்பு இருக்கிறது, அது அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது என்றுதான் வெகுகாலம் எல்லாரும் சொல்லிவந்தார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். 2022-இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் ஒரு குழு, மூன்று இன மரங்கொத்திகள் கொத்துவதை அதிவேகக் கேமராவில் பிடித்து அங்குலம் அங்குலமாக அளந்து பார்த்தது. அலகு எந்த அளவுக்குத் திடீரென்று நிற்கிறதோ, மண்டையும் அதே அளவுக்குத்தான் நிற்கிறது. நடுவில் எதுவும் அதிர்ச்சியை வாங்கவில்லை. யோசித்தால் அதுதான் நியாயம். சுத்தியலின் தலையில் ரப்பர் வைத்துக் கட்டினால் ஆணி இறங்குமா? அதிர்ச்சியை உறிஞ்சும் மண்டை இருந்தால் அதே துளைக்குப் பறவை இன்னும் வேகமாகக் கொத்த வேண்டியிருக்கும்.

அப்படியானால் மூளை எப்படித் தப்பிக்கிறது? அது மிகச் சிறியது என்பதால்தான். சின்ன மூளைக்குள் உண்டாகும் அழுத்தமும் சிறிது. அதே வேகத்தில் நம் தலை மோதினால் மூளை கலங்கிவிடும், மரங்கொத்திக்குக் கலங்காது. இந்த விடையைத் தெரிந்துகொண்ட பிறகு பழைய பாடத்தைப் பிள்ளைகளிடம் திருத்திச் சொன்னேன்.

உடம்பின் மற்ற ஏற்பாடுகளும் கொத்துவதற்கென்றே அமைந்தவை. காலில் இரண்டு விரல் முன்னால், இரண்டு பின்னால். வால் இறகுகளின் தண்டு விறைப்பானது. மரத்தில் ஊன்றினால் மூன்றாவது கால் மாதிரி தாங்கும். மரத்தூள் போகாதபடி மூக்குத் துளையைச் சின்னச் சின்ன மயிரிறகுகள் மூடியிருக்கும். நாக்கின் அடி எலும்பு தாடைக்குக் கீழிருந்து கிளம்பி, பின்மண்டையைச் சுற்றிக்கொண்டு நெற்றிப் பக்கம் வரை வந்திருக்கும். அவ்வளவு நீளம் இருப்பதால்தான் புழு இருக்கும் துளையின் ஆழம் வரை நாக்கை நீட்ட முடிகிறது.

என்ன சாப்பிடும்?

பட்டைக்கு அடியில் இருக்கும் வண்டின் புழுக்கள், எறும்பு, கறையான். கறையான் புற்றுக்குத் தரையிலும் இறங்கும். பழமும் பூத்தேனும் கிடைத்தால் விடாது; கல்யாண முருங்கை பூத்தால் அந்தப் பக்கம் ஒரு கண் வைத்திருங்கள். மரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறும். நாம் நெருங்கினால் தண்டின் மறுபக்கம் போய் ஒளிந்துகொண்டு தலையை மட்டும் நீட்டி எட்டிப் பார்க்கும். வல்லூறு வந்தாலும் இதே வித்தைதான்.

தென்னையைத் துளைத்து நாசம் பண்ணுகிறது. விரட்டலாமா?

தோப்புக்காரர்களின் இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு தென்னை போனால் எத்தனை வருட உழைப்பு போகிறது என்று கடலூர்க்காரர்களுக்குத் தெரியும்.

முதலில், அது உணவுக்குக் கொத்துகிறதா, கூட்டுக்குக் குடைகிறதா என்று பார்க்க வேண்டும். சிறு சிறு கொத்தலாக அங்கங்கே பட்டை உரிந்திருந்தால் அது புழு தேடிய இடம். அந்த மரத்தில் ஏற்கெனவே ஏதோ இருக்கிறது. தண்டின் துளையில் பழுப்புச் சாறு வடிகிறதா, மென்று துப்பியதுபோல் நார் தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். தண்டில் காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே நறநறவென்று சத்தம் கேட்டால் சிவப்புக் கூன்வண்டின் புழு தின்றுகொண்டிருக்கிறது. மரத்தைச் சாய்ப்பது அந்தப் புழு. மரங்கொத்தி அதைத் தேடி வந்தது. பண்ருட்டி பக்கம் ஒரு பெரியவர் மரங்கொத்தி உட்கார்ந்த மரத்தில் மறுநாள் காலையில் காதை வைத்துக் கேட்பதை வழக்கமாகவே வைத்திருக்கிறார். "அது எனக்குச் சம்பளம் இல்லாத வைத்தியன்மா" என்றார்.

அது முழு உண்மை இல்லை, மறு பாதியும் இருக்கிறது. கூட்டுக்காக உயிருள்ள தென்னையைக் குடைவதும் உண்டு. வேம்பு மாதிரி தென்னை காயத்தை மூடி ஆற்றிக்கொள்ளாது. துளை துளையாகவே நிற்கும். மழைநீர் இறங்கினால் அந்த இடம் பலமிழக்கலாம். ஆனாலும் இது தோப்பு முழுக்கப் பரவும் நோய் அல்ல, ஒரு ஜோடிக்கு ஒரு பொந்து, அவ்வளவுதான். பக்கத்தில் பட்ட மரமோ காய்ந்த கிளையோ இருந்தால் பெரும்பாலும் அதற்குத்தான் போகும், குடைவதற்கு அது சுலபம். கல்லெறிந்தும் கண்ணி வைத்தும் பிடிப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். முட்டை எடுப்பதும் குற்றம்தான்.

எந்த மாதத்தில் கூடு வைக்கும்? எப்படி வைக்கும்?

பிப்ரவரி முதல் ஜூலை வரை. மழையையும் இடத்தையும் பொறுத்து முன்பின் ஆகும். எங்கள் பக்கம் மாசி பிறந்ததுமே அறிகுறி தெரியும். காய்ந்த கிளையில் உட்கார்ந்து 'டுர்ர்ர்ர்' என்று ஒரே மூச்சில் முரசடிக்கும். இது இரை தேடும் கொத்தல் இல்லை. இரை தேடும்போது 'டொக்... டொக் டொக்' என்று நிறுத்தி நிறுத்திக் கேட்கும். முரசு ஜோடிக்கும் எதிராளிக்கும் சொல்லும் செய்தி: இந்த இடம் என்னுடையது.

போன வருடம் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை பட்டுப்போய் நின்றது. வெட்டிவிடு என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பங்குனி முதல் வாரம் காலையில் கோலம் போடப் போன அம்மாதான் கூப்பிட்டார்கள்: "இங்க வந்து பாரு, மரத்தடியில யாரோ தேங்காய் துருவிப் போட்ட மாதிரி இருக்கு." போய்ப் பார்த்தால் விரல் நக அளவில் வெளிர் மரச்சிம்பு ஒரு முறம் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, நாணயத்தால் வரைந்ததுபோல் ஒரு வட்டத்துளை. அதற்குள் தலையை விட்டுக்கொண்டு வால் மட்டும் வெளியே ஆடியது. நிமிடத்துக்கு ஒருமுறை தலையை வெளியே எடுத்து, வாய் நிறையச் சிம்பை உதறிவிட்டு மறுபடி உள்ளே போயிற்று. ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றி வேலை செய்தன. ஒன்று வந்ததும் இன்னொன்று ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிடும்.

துளை முதலில் படுக்கைவாட்டில் உள்ளே போகும். பிறகு கீழ்நோக்கி இறங்கி அறையாக விரியும். புல், பஞ்சு எதுவும் கொண்டுவந்து போடாது. உதிர்ந்த மரத்தூள்தான் மெத்தை. வழக்கமாக மூன்று முட்டை, பளபளப்பான வெள்ளை, கொஞ்சம் நீண்ட வடிவம். இருட்டுக்குள் இருப்பதால் முட்டைக்கு நிறமோ புள்ளியோ தேவைப்படவில்லை. அடைகாப்பது சுமார் 11 நாள்தான். கோழிக்கு 21 நாள் என்று நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு சீக்கிரம் என்று புரியும். பதிலுக்கு, குஞ்சு இறகில்லாமல், கண் திறக்காமல் பிறக்கிறது. அதற்கப்புறம் ஏறக்குறைய 20 நாள் பொந்திலேயே வளர்ந்து வெளியேறும்.

குஞ்சு பொரித்ததை நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டோம். மரத்தில் காதை ஒட்டினால் உள்ளே மிக்ஸி தூரத்தில் ஓடுவதுபோல் ஒரு இரைச்சல். தாயோ தகப்பனோ நகம் பட்டையில் படும்படி ஒட்டிய கணம் இரைச்சல் இரட்டிப்பாகும். இரண்டாவது வாரத்துக்குமேல் குஞ்சுகள் துளை வாசலில் தலையை நீட்டிச் சண்டை போட்டன. அம்மா அந்த மரத்தில் துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து வேறு பக்கம் கட்டிவிட்டார்கள். வெட்டும் பேச்சே அதற்கப்புறம் எழவில்லை.

பழைய பொந்தை அடுத்த வருடமும் பயன்படுத்துமா?

பெரும்பாலும் புதிதாகக் குடையும். சில நேரம் பிற பறவைகளின் பொந்தைப் பறித்துக்கொண்டதும் உண்டு. விட்டுப்போன பொந்து காலியாக இருக்காது. குண்டுகரிச்சான், மைனா, பச்சைக்கிளி, புள்ளி ஆந்தை, பனங்காடை எல்லாம் தாங்களே மரத்தைக் குடைய முடியாத பறவைகள். ஒன்று மரம் தானாக உளுத்துப் பொந்து விழ வேண்டும், அல்லது மரங்கொத்தியும் குக்குறுவானும் போட்டுக்கொடுக்க வேண்டும். எங்கள் முருங்கைப் பொந்தில் இந்த வருடம் குண்டுகரிச்சான் குடியிருக்கிறது. விடியற்காலையில் அது பாடுகிறபோதெல்லாம் அந்த வீட்டைக் கட்டியது யார் என்று நினைத்துக்கொள்வேன்.

மைனா சில நேரம் மரங்கொத்தி குடியிருக்கும்போதே வந்து வம்புக்கு நிற்கும். சாரைப்பாம்பும் உடும்பும் பொந்து வரை ஏறிவிடும்.

இதன் எண்ணிக்கை குறைகிறதா?

எந்த இனம் அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் இது 'கவலை குறைந்த' இனம். பரவல் பெரிது, பல இடங்களில் சாதாரணமாகத் தென்படுவது. உலகத்தில் மொத்தம் இத்தனை பறவை என்று எண்ணி முடித்த கணக்கு கிடையாது. காட்டை நம்பியே வாழும் மற்ற மரங்கொத்திகளைவிட இதற்கு ஒரு சௌகரியம்: தோப்பு, சாலையோர மரம், பழைய வீட்டுத் தோட்டம் என்று மனிதர் இருக்குமிடத்தோடு பழகிக்கொண்டது. பாண்டிச்சேரி நகருக்குள் 1826-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவின் பெருமரங்களில் நின்று கேட்டாலே குரல் கேட்கும்.

ஆனால் 'கவலை குறைந்த' என்ற சொல்லைக் கேட்டு நான் நிம்மதியாகத் தூங்குவதில்லை. 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை ஆராய்ந்தது. அதில் 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்துபோனதால் செம்பட்டியலில் மறுபடி மதிப்பிட வேண்டும் என்று குறிக்கப்பட்ட 14 இனங்களில் பனங்காடையும் இருக்கிறது. பனங்காடையும் ஒரு காலத்தில் எல்லா மின்கம்பியிலும் உட்கார்ந்திருந்த பறவைதான். 'எங்கும் இருக்கிறது' என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பறவை கரைந்துபோகும்.

நம் கரையோரத்தைப் பாருங்கள். சவுக்கும் தைலமரமும் ஏக்கர் கணக்கில் பச்சையாகத்தான் தெரிகின்றன. சில வருடத்தில் வெட்டும் சவுக்கில் பொந்து போட இடமேது? கை தடிமன் தண்டுக்குள் ஒரு குடும்பம் இருக்க முடியாது. மரத்தின் எண்ணிக்கையைவிட, வயதான மரமும் பட்டுப்போன கிளையும் நிற்கின்றனவா என்பதுதான் மரங்கொத்திக்குக் கணக்கு.

புயலில் மரமெல்லாம் விழுகிறதே, அது மரங்கொத்தியைப் பாதிக்குமா?

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. தலைமுறை கண்ட மரங்கள். அந்த மரங்களின் பொந்துகளும் ஒரே இரவில் போயின.

தலை முறிந்த தென்னைகள் மட்டும் அங்கங்கே மொட்டையாக நின்றன. அவற்றை அப்புறப்படுத்தக் கையில் காசில்லாதவர்கள் அப்படியே விட்டார்கள். அடுத்த இரண்டு மூன்று கோடையில் நான் பார்த்த மரங்கொத்திக் கூடுகளில் பெரும்பாலானவை அந்த மொட்டைத் தென்னைகளில்தான். பிறகு அவையும் உளுத்து விழுந்தன; மாற்றாக நட்ட கன்றுகள் இன்னும் பொந்து தாங்கும் வயதுக்கு வரவில்லை. இந்த இடைவெளிதான் எனக்குக் கவலை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த மறுவாரம், தெருவில் விழுந்ததோடு சேர்த்து நின்றதையும் வெட்டிப்போட்டார்கள். பயம் நியாயமானது. ஆனாலும் ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியே பார்த்து முடிவு செய்திருக்கலாம்.

பட்ட மரத்தை விட்டுவைப்பது ஆபத்து இல்லையா?

வீட்டின்மேலோ மின்கம்பியின்மேலோ விழக்கூடியது என்றால் எடுத்துவிடுங்கள், அதில் மறுபேச்சு இல்லை. தென்னந்தோப்புக்குள் செத்த தென்னையை நிறுத்திவைக்கவும் நான் சொல்ல மாட்டேன். உளுத்த தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். அது நல்ல மரங்களின் குருத்தைத் தின்னும். வேம்பு, பூவரசு, முருங்கை, இலவம், முந்திரி இவற்றில் ஒன்று வேலி ஓரத்தில் பட்டுப்போனால் அதைத்தான் விடச் சொல்கிறேன். முழு மரம் பயமாக இருந்தால் கிளைகளைக் கழித்துவிட்டு, இரண்டு ஆள் உயரத்துக்குத் தண்டை மட்டும் விடலாம். உயரம் குறைந்தால் காற்றுக்குப் பிடிப்பும் குறையும். வெட்டத்தான் வேண்டும் என்றால் மாசி முதல் ஆடி வரை பொறுங்கள், அல்லது பொந்தில் யாரும் இல்லை என்று ஒரு காலையும் ஒரு மாலையும் உட்கார்ந்து பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

எங்கே போனால் பார்க்கலாம்?

ஊசுட்டேரிக் கரை மரங்கள் (புதுச்சேரிப் பக்கம் 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது), ஆரோவில்லின் காடுகள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு, பண்ருட்டி முந்திரித் தோப்புகள். ஆரோவில் 1968-இல் தொடங்கியபோது அந்த மேடு மரமில்லாத செம்மண் பொட்டல். இன்று அங்கே மரங்கொத்தி முரசடிக்கிறது என்பது எனக்கு மிகுந்த ஆறுதல். காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள் போங்கள். ஓடிக்கொண்டே சிரிப்பதுபோல் 'கி-கி-கிர்ர்ர்ர்' என்று குரல் வரும். பிறகு அலை அலையாக ஏறி இறங்கிப் பறக்கும்.

பார்த்ததைப் பதிவு செய்யுங்கள். ஜனவரியில் பொங்கலையொட்டிப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் பார்த்து, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றினாலே போதும்.

யாழ்ப்பாணத்து உறவினர் இதே பறவை அங்கும் உண்டு என்கிறாரே?

உண்டு. இலங்கையின் வடக்கில் பொன் முதுகு, தெற்கே போகப் போகச் செம்முதுகு. அந்தச் செம்முதுகுப் பறவையை இப்போது தனி இனமாகவே கருதுகிறார்கள். நடுவில் இரண்டும் கலக்கும் பகுதியில் ஆரஞ்சு முதுகோடு திரியும். கேரளப் பக்கத்து வகைக்கு 1934-இல் தெஹ்மினே என்று பெயரிட்டார்கள். பறவையியலாளர் சாலிம் அலியின் மனைவி தெஹ்மினாவைச் சிறப்பித்து வைத்த பெயர்.

குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் என்ன செய்வது?

இறகு முளைத்த குஞ்சு என்றால் அதே மரத்தண்டில் கை எட்டும் உயரத்தில் ஒட்டவிடுங்கள். நகம் பிடித்துக்கொள்ளும், தாய் தகப்பன் தேடி வரும். கை பட்டால் ஒதுக்கிவிடும் என்பது தவறு. இறகில்லாத குஞ்சு என்றால் பொந்து எட்டினால் திரும்ப வைக்கலாம். எட்டாவிட்டால் அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து, இருட்டான, எறும்பு வராத இடத்தில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பாலும் சோறும் வேண்டாம்.

பொந்தைப் படம் எடுக்கலாமா?

தூரத்திலிருந்து எடுக்கலாம். பறவை இரையோடு வந்து, பொந்துக்குப் போகாமல் பக்கத்து மரத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தால் நீங்கள் மிக அருகில் நிற்கிறீர்கள், பின்னால் வாருங்கள். மறைக்கும் கிளையை ஒடிக்க வேண்டாம், உள்ளே டார்ச் அடிக்க வேண்டாம். இடத்தின் பெயரோடு படத்தைப் போடுவதை, குஞ்சுகள் பறந்துபோன பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.